நாடாவுக்கு அங்கால் விழுந்த தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் மா வறுத்துக்கொண்டிருந்தேன். பின்வளவில் டங் என்று ஒரு சத்தம். கோழிகள் கத்திக்கொண்டு சிதறின. அகப்பையோடு எட்டிப் பார்த்தால், நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு அலுமினியக் கோப்பையை மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிற தட்டைக் கோப்பை என்றுதான் சொல்வோம். நான் விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பை அது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"தட்டெறியிறன் அம்மா. பள்ளிக்கூடத்திலை பெரிய அக்காமார் பழகினம். சுத்திச் சுத்திப் பிறகு விடுறது. பாருங்கோவன்."

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது. நாலாம் வகுப்புக்குத் தட்டெறிதல் கிடையாது, பலூன் உடைத்தலும் பந்து எறிதலும்தான். ஆகவே நான் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதற்கும் முதலில் பயந்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆள் நான். தோள் பிசகுமோ, கால் சுளுக்குமோ, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் படுமோ. வேண்டாம் என்று தடுத்தால் பிள்ளை நாளைக்கு என்னைப் போலவே ஆகிவிடுவாளோ. இவ்வளவையும் யோசித்து முடித்து, ஒரு நல்ல தாயின் குரலில் சொன்னேன்:

"சரி, எறி. ஆனா கனக்கத் தள்ளி எறியாதை."

அவள் கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தள்ளி எறியிறதுதானே அம்மா போட்டி?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மா கருகிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பிட்டு இல்லை, பேக்கரிப் பாண்.

கனக்கத் தள்ளி எறியாதை என்ற அந்த வசனம் என்னுடையது இல்லை. எனக்குப் படிப்பித்த புவனா ரீச்சருடையது. இத்தனை வருடமாக அது எனக்குள் எங்கே கிடந்தது, எப்படி இவ்வளவு சுளுவாக வெளியே வந்தது என்று யோசித்துக்கொண்டே பாணுக்குச் சம்பல் இடித்தேன். யோசிக்க யோசிக்கத் தெளியும் என்பார்கள். எனக்கு எப்போதும் எதிர்ப்பக்கம்தான்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த காலம் அது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் பள்ளிக்கூடம். கூரைக்குத் தகரம், சுவருக்கும் தகரம். பத்து மணிக்கு மேல் உள்ளே இருந்தால் அவிந்துவிடுவோம். அதனாலேயே எல்லோருக்கும் விளையாட்டில் ஆர்வம் வந்தது என்று நினைக்கிறேன். வெளியே வேம்பு நிழலாவது இருந்தது.

பள்ளிக்கூட நிலத்தை முதலிலேயே துப்புரவாக்கித் தந்திருந்தார்கள். ஆனால் மைதானத்தின் மறுகரையில் வேலி இருந்த இடத்தில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது; ஆங்கிலத்து டேப், எங்கள் வாயில் ரேப். இடைக்கிடை சிவப்பு மண்டையோட்டுப் பலகை. நாடாவுக்கு அங்கால் பற்றைக் காணி. அதில் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. தலைக்கவசமும் முகக் கண்ணாடியும் போட்ட ஆட்கள் காணியின் அடுத்த அந்தத்தில் நிலத்தைத் தடவித் தடவி முன்னேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னேறுவதைப் பார்ப்பதைவிட எங்கள் கணிதப் பாடமே வேகமாகப் போவதுபோல் இருக்கும்.

விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லை. சமூகக்கல்வி படிப்பிக்கிற புவனா ரீச்சரிடம் அதிபர் விசிலைக் கொடுத்துவிட்டார். ரீச்சர் யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் வலைப்பந்து ஆடியவர். எறிதல் பாய்தல் எல்லாம் அவருக்கும் எங்களுக்கும் சேர்ந்தே புதிது. உடற்கல்விப் புத்தகத்தில் ஒருத்தி தட்டெறிகிற படங்கள் வரிசையாக இருந்தன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவள் என்ன செய்தாள் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. குடையைப் பிடித்தபடி ரீச்சர் புத்தகத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், மறுபடி புத்தகத்தைப் பார்ப்பார்.

"முதல் படத்திலை முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறாள். மூண்டாம் படத்திலை முகத்தைக் காட்டுறாள். அப்ப நடுவிலை திரும்பியிருக்க வேணும் பிள்ளையள். எந்தப் பக்கத்தாலை எண்டுதான் தெரியேல்லை."

எனக்கு முதலில் தந்தது நீளம் பாய்தல். கால் நீளம் என்ற ஒரே தகுதி. அதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் காலை வேளையில் ஒரு குழு வந்து மிதிவெடி பற்றிய விழிப்புணர்வு வகுப்பு எடுக்கும். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் கால் வைக்கக் கூடாது, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். நான் அதைப் பாட்டு மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தேன். நல்ல பிள்ளை. பின்னேரம் அதே என்னை ஓடவிட்டு, மண்வெட்டியால் அப்போதுதான் கிளறிச் சமப்படுத்திய குழிக்குள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து விழு என்றால்?

ஓடி வருவேன். பாய்கிற பலகையில் சரியாகக் கால் படும். மேலே எழும்பியதும் கீழே அந்தக் கிளறிய மண் தெரியும். எப்படியோ உடம்பு தானாகவே ஒரு பக்கம் சரிந்து, குழியின் கரையில் இருக்கிற இறுகிய நிலத்தில் போய் நிற்பேன்.

"எடி பிள்ளை, அது என்ன பாய்தல்? குழிக்குள்ளை விழடி, குழிக்குள்ளை!"

"விழுறன் ரீச்சர்."

"எங்கை விழுந்தனீ? வாய்க்காலைப் பாய்ஞ்ச மாதிரியெல்லோ போய் அங்கை நிக்கிறாய்!"

முழங்கால் இரண்டும் உரிந்து போனதும் என்னை நீளம் பாய்தலில் இருந்து எடுத்துவிட்டு, தட்டுப் பொறுக்குகிற வேலையைத் தந்தார். எறிகிறவள் ராஜி. அவள் எறிந்ததை ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வருவது நான். ராஜலெட்சுமி என்று வரவு இடாப்பைப் பார்த்துக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள்.

ராஜியின் தாத்தா காலத்தில் அவர்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வாய்க்கால் காணிக்கு வந்து வயல் செய்தவர்கள். அவர்களுக்கு மேட்டுக்காணி, கச்சான் கடலையும் உழுந்தும். வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இந்த வித்தியாசம் பெரியவர்களுடைய கதையில் எங்கேயாவது எட்டிப் பார்க்கும். ராஜி பள்ளிக்கூடத்தில் எங்களைப் போலக் கதைப்பாள், வீட்டுப் படலைக்குள் போனதும் தகப்பனைப் போலக் கதைப்பாள். ஒரே வாயில் இரண்டும் எப்படி என்று எனக்கு ஆச்சரியம்.

அவளுடைய கை நீளம். அதைவிட, அவளுக்கு அவசரம் கிடையாது. தட்டெறிதலில் அதுதான் பெரிய விஷயம் என்று பிறகு விளங்கியது. நாங்கள் எல்லோரும் தட்டை இறுக்கிப் பிடித்து, கையால் வீச முயன்று, காலடியில் போட்டோம். தட்டை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. விரல் நுனிகள் விளிம்பில் கொளுவியிருந்தால் போதும், சுழற்சிதான் அதைக் கையோடு வைத்திருக்கும். இதை ரீச்சர் கண்டுபிடித்தது கிணற்றடியில். ஒருநாள் வாளி நிறையத் தண்ணீரோடு சுற்றிக் காட்டினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் சுற்றியதை அதிபர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது வேறு கதை.

"பாத்தியளே? தண்ணியை நான் பிடிக்கேல்லை. சுத்து பிடிக்குது. தட்டும் அப்பிடித்தான். முதல்லை கால் திரும்பும், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. கை கடைசியா வரவேணும். கை முந்தினால் எல்லாம் போச்சு."

ராஜிக்குக் கை கடைசியாக வரும். எல்லாவற்றிலும் அவள் கடைசியாகத்தான் வருவாள், சாப்பாட்டு வரிசையில் மட்டும் முதல்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரேயொரு தட்டு, யாரோ உதவி என்று தந்தது. நடுவில் மரம், சுற்றிவர இரும்பு வளையம். வேம்புக்கு நேரே சுண்ணாம்பால் வட்டம் போட்டு, நாடாப் பக்கம் பார்த்து எறிவோம். மற்றப் பக்கம் வகுப்பறைகள், வேறு வழியில்லை. அதுவரை எறிந்தவர்களுடைய தட்டு நாடாவுக்குக் கிட்டவும் போனதில்லை. ஆகவே அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

ராஜி முதன்முதலாகச் சுற்று முழுவதும் சரியாக வந்து எறிந்த அன்று நான் மைதானத்தின் நடுவில் பொறுக்க நின்றேன். தட்டு என் தலைக்கு மேலால் போனது. ஒரு சத்தமும் இல்லை. தட்டையாக, சரிந்து, காற்றில் ஏறி உட்கார்ந்த மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. நான் அதன் பின்னால் ஓடினேன். எடுத்து வருகிற பழக்கம்தானே.

"நில்லடி! நில்! நில்!"

ரீச்சரின் விசிலும் குரலும் சேர்ந்து வந்தன. நாடாவுக்கு முன்னால் நின்றேன். நாடா என் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. தட்டு அங்கால் போய்ப் பற்றைக்குள் விழுந்து, ஒருதரம் துள்ளி, படுத்துவிட்டது. இரும்பு வளையத்தில் வெயில் பட்டு மினுங்கியது.

ஒருவரும் கைதட்டவில்லை. ராஜி வட்டத்துக்குள்ளேயே நின்றாள்.

"ரீச்சர், நான் வேணுமெண்டு எறியேல்லை."

இந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை. தட்டெறிகிறவள், தூரமாக எறிந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். ரீச்சரும் "பரவாயில்லை, இனி அப்பிடிச் செய்யாதை" என்றார். நாங்கள் எல்லோரும் அதை நியாயம் என்றே நினைத்தோம்.

ரீச்சர் நாடாவைச் சுற்றிக்கொண்டு போய், மிதிவெடி எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தார். அவர்களில் ஒரு அண்ணை முகக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுச் சொன்னார்:

"அந்த இடத்துக்கு நாங்கள் வந்து சேர மாதங்கள் போகும் ரீச்சர். தட்டுக்காக ஒராளை அனுப்பேலாது. நீங்களும் ஒராளையும் அனுப்பிப்போடாதேங்கோ."

அதன் பிறகு தட்டு அங்கேயே கிடந்தது. காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது எங்களுக்கு அது தெரியும். மழைக்குப் பிறகு புல் வளர்ந்து மறைத்தது.

இனி எதை எறிவது? ராஜியின் தகப்பன்தான் வழி செய்தார். முகாமில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரேமாதிரி அலுமினியக் கோப்பைகள் தந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் எல்லா வீட்டிலும் அவைதான், கலியாண வீட்டில் யாருடைய கோப்பை யாருடையது என்று சண்டையே வரும். அவற்றில் இரண்டை முகத்தோடு முகம் கவிழ்த்தால் பார்க்கத் தட்டு மாதிரியே இருக்கும். வீட்டுத்திட்டத்து வீடு கட்டிய மிச்சச் சீமெந்தைக் குழைத்து இரண்டுக்குள்ளும் நிரப்பி, ஒட்டி, விளிம்பைக் கம்பியால் இறுக்கிக் கொண்டுவந்து தந்தார்.

"டீச்சரம்மா, வெயிட்டு கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். பொண்ணு எறிஞ்சிருவா."

தூக்கிப் பார்த்த ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் மற்றக் கைக்கு மாற்றினார். பாரம். கீழே விழும்போது தொம் என்று விழும், துள்ளாது. பொறுக்கப் போகிற எனக்கு அது நல்லது. கைக்கு நல்லதா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

இதையும் நாடாவுக்கு அங்கால் விட்டால் மூன்றாவது தட்டு கிடையாது. ஆகவே அன்றிலிருந்து மைதானத்தில் இரண்டு கட்டளைகள் இருந்தன, இரண்டும் ரீச்சரின் ஒரே வாயிலிருந்து வரும்.

"இன்னும் தள்ளி எறியடி ராஜி, இடுப்பைத் திருப்பு!"

ராஜி திருப்புவாள். தட்டு நாடாவுக்குக் கிட்டப் போய் விழும். உடனே:

"ஐயோ, கனக்கத் தள்ளி எறியாதை! காணும், இவ்வளவு காணும்!"

"எவ்வளவு ரீச்சர் எறியிறது?"

"நல்லாத் தள்ளி எறி. ஆனா ரேப்புக்கு இஞ்சாலை எறி."

ராஜி தலையாட்டுவாள். எங்களுக்கு அது ஒரு குழப்பமாகவே படவில்லை. அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. விறகு பொறுக்கப் போ, ஆனால் பற்றைப் பக்கம் போகாதே. விளையாடு, ஆனால் ஓடாதே. ராஜி கெட்டிக்காரி, கொஞ்ச நாளில் சரியாகப் பிடித்துவிட்டாள். எத்தனை தரம் எறிந்தாலும் தட்டு நாடாவுக்கு இஞ்சால், நான் எட்டிப் பொறுக்கக்கூடிய இடத்தில் வந்து விழும். ரீச்சருக்குப் பெருமை. எனக்கும் பெருமை. ஓடவே தேவையில்லை, அங்கேயே குந்தியிருந்தால் போதும்.

இவ்வளவுக்கும் விளையாட்டு எங்களுக்கு வெறும் விளையாட்டு, ராஜிக்கு அப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் விடுதியோடு ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குத் தெரிந்தவர் இருந்தார். மாகாணப் போட்டி வரை வருகிற பிள்ளை என்றால் விடுதியில் இடம் தந்து உயர்தரம் படிப்பிப்பார்கள் என்று சொல்லியிருந்தார். ரீச்சர் அதை ராஜியின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். ராஜியின் தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பொல்லாத மனிதர் இல்லை.

"ஜெயிச்சா போகட்டும் டீச்சரம்மா, நான் மறிக்க மாட்டேன். இல்லேன்னா அவ அக்கா போற கார்மென்ட்ஸ்ல சொல்லி வச்சிருக்கேன். வயசு பொண்ணை சும்மா வீட்டுல வச்சிருக்க பயமா இருக்கு."

ஆகவே கிளிநொச்சியில் நடக்கப் போகிற வலயப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாகாணம், விடுதி, படிப்பு. வராவிட்டால் தையல் மெசின். ராஜிக்கு அது தெரியும், ரீச்சருக்குத் தெரியும், பொறுக்குகிற எனக்கும் தெரியும். அந்த மாதம் நான் கோவிலில் எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

வலயப் போட்டி நடந்த மைதானத்தைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு வெளி. முன்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளைக் கோடுகள் விரிந்து விரிந்து போய் எங்கேயோ முடிந்தன. ராஜி என் காதுக்குள் கேட்டாள்:

"எதுவரைக்கும் எறியலாமாம்?"

"எதுவரைக்கும் எண்டில்லையாம். எவ்வளவும் எறியலாமாம்."

"சும்மா சொல்லாதை."

"ஓமடி. ரீச்சரைக் கேள்."

ரீச்சர் கயிற்றுக்கு வெளியே நின்று கைகாட்டிக் கத்தினார். "ராஜி, இஞ்சை ரேப் இல்லையடி! எல்லாத்தையும் எறி!"

பக்கத்தில் நின்ற வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். என்ன ரேப் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தந்த தட்டு உண்மையான தட்டு. ராஜி அதைக் கையில் வாங்கி, ஏதோ பிழையாகத் தந்துவிட்டார்கள் என்பதுபோல் அதிகாரியைப் பார்த்தாள். அவ்வளவு இலேசாம். முதல் எறி. சுற்று அழகாக வந்தது. கால், இடுப்பு, நெஞ்சு, கடைசியாகக் கை. தட்டு எழும்பியது, போனது, விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்த்தேன். அந்த வெளியில் நாடா இல்லை, பலகை இல்லை, பற்றை இல்லை. ஆனால் நான் வழமையாகக் குந்தியிருக்கிற இடம் எங்கே இருந்திருக்குமோ, அங்கேதான் விழுந்தது போலிருந்தது.

இரண்டாவது எறியும் அதற்குப் பக்கத்தில். மூன்றாவதும். யாரோ குழி தோண்டி வைத்த மாதிரி எல்லாம் ஒரே இடத்தில் மண்ணைக் கொத்தியிருந்தன. ராஜிக்கு மூன்றாமிடம். இரண்டாமிடத்துப் பிள்ளை எறிந்தது இரண்டு சாண் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

திரும்பி வருகிற பேருந்தில் ரீச்சர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ராஜி போட்டியில் தந்த இனிப்புப் பணிஸ் சாப்பிட்டாள். என்னுடையதையும் அவளே சாப்பிட்டாள்.

"எறிஞ்சனான் தானே?" என்று கேட்டாள்.

"ஓம், எறிஞ்சனீ."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் செத்த வீட்டுக்குப் போன மாதிரி வாறியள்?"

கொஞ்ச நாளில் அவள் வவுனியாப் பக்கம் அக்காவோடு வேலைக்குப் போனாள். அவள் போன பிறகு, ஒரு காலையில், அந்த மிதிவெடி அண்ணை எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கையில் தட்டு. மரம் வெடித்து வளையம் துருப்பிடித்திருந்தது. "உங்கடை சாமான், ரீச்சர்" என்று கொடுத்துவிட்டுப் போனார். ரீச்சர் வாங்கினார், நன்றி சொன்னார், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எந்த இடத்தில் கிடந்தது என்று ரீச்சரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மனிசர் மைதானத்தைத் தாண்டி வீதிக்கு ஏறிப் போகும்வரை நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம். ராஜியின் அந்த முதல் எறிதான் அவள் எறிந்ததிலேயே தூரமானது. அதை மட்டும்தான் ஒருவரும் அளக்கவில்லை.

இந்தக் கதையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். என் கணவருக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, ஒருமுறை பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு. எப்போதும் ஒரே மாதிரித்தான் முடிப்பேன்: நாடா அவளுடைய கைக்குள் போய்விட்டது, அதனால்தான் தோற்றாள். கேட்கிறவர்கள் "பாவம்" என்பார்கள். ஆனால் கோப்பை விழுந்த அந்த ஞாயிறு பின்னேரம், இதை ராஜியிடம் ஒருநாளும் கேட்டதில்லையே என்று திடீரென்று பட்டது. அவள் இப்போது நெடுங்கேணியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கைபேசியில் கதைப்போம். தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. எடுத்தேன்.

"எடியேய், ஆர் செத்தது?" என்றுதான் தொடங்கினாள்.

"ஒருத்தரும் சாகேல்லை. ஒண்டு கேக்கவேணும். கிளிநொச்சியிலை அண்டைக்கு நீ ரேப்பை நினைச்சுத்தானே கிட்ட எறிஞ்சனீ?"

தையல் மெசின் சத்தம் நின்றது.

"என்ன ரேப்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் இடையில் இரண்டுதரம் சிரித்தாள்.

"உனக்கு வேறை வேலையில்லையே? நான் உள்ளதையெல்லாம் குடுத்துத்தானடி எறிஞ்சனான். அவ்வளவுதான் போச்சுது. அந்தத் தட்டு பஞ்சு மாதிரிக் கிடந்தது, கைக்குப் பிடிபடேல்லை. எங்கடை அப்பான்ரை சீமெந்துத் தட்டெண்டால் பாத்திருப்பாய்."

"அப்ப தட்டின்ரை பிழையோ?"

"ஆர் பிழை எண்டனான்? மற்றப் பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரி. அப்பிடியும் இருக்கலாம் தானே?"

இருக்கலாம்தான். அது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிறகு அவள், வேறு யாரோ கேட்பதுபோல் கேட்டாள்:

"அது கிடக்கட்டும். முதல் முதல் எறிஞ்சனே, ரேப்புக்கு அங்காலை போனது. அது எவ்வளவு தூரம் போயிருக்கும்? நீதானே கிட்ட நிண்டனீ?"

எனக்குத் தெரியவில்லை. நல்லாத் தூரம் என்றேன். "நல்லாத் தூரம் எண்டால்?" என்றாள். உள்ளதையெல்லாம் கொடுத்து எறிந்தவளுக்கு இது எதற்குத் தெரிய வேண்டும்? கேட்கவில்லை. கேட்டால் அவளும் குழம்புவாள், நானும் குழம்புவேன்.

நேற்று அம்மா வீட்டுக்குப் போனபோது, மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு எங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். விடுமுறை நாள், மைதானத்தில் இரண்டு மாடு. நின்றபடியே ராஜிக்கு எடுத்தேன்.

"மைதானத்திலை நிக்கிறன். வட்டம் எவ்விடத்திலை கீறினது?"

"வேம்புக்கு நேரை."

"வேம்பு இல்லை. மாடிக் கட்டடம் வந்திட்டுது."

"தண்ணித் தாங்கி?"

"அதுவும் வேறை இடத்திலை."

"சனியன். சரி, நிக்கிற இடத்திலை இருந்தெண்டு வை. நட."

நடந்தேன். மண் இறுகி, புல் ஒரே சீராக வெட்டியிருந்தது. கொஞ்சத் தூரம் போக ஒரு இடத்தில் என் கால் தானாக மெதுவானது. இதுதான் நாடா கட்டியிருந்த இடமோ, அல்லது செருப்பு வார் இறுகியதோ. குனிந்து பார்த்தேன். ஒரு கட்டை இல்லை, ஒரு குழி இல்லை, இந்தப் பக்கத்துப் புல்லுக்கும் அந்தப் பக்கத்துப் புல்லுக்கும் நிறத்தில்கூட வித்தியாசம் இல்லை.

"ரேப் தாண்டிட்டியா?" என்றாள்.

"தெரியேல்லையடி."

"அப்ப நட. நான் சொல்லும்வரைக்கும் நட."

நில் என்று அவள் சொல்லவில்லை. கைபேசியில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அந்த நாட்களில் ஒருவரும் கால் வைக்காத காணிக்குள் நான் பட்டப்பகலில், கைப்பையைத் தோளில் கொளுவிக்கொண்டு, நடுவால் நடந்தேன். பற்றை இல்லை. பலகைகள் இல்லை. முன்னால் புதுச் சுற்றுமதில் வந்தது. கையை வைத்துக்கொண்டு நின்றேன், வெயிலில் சுட்டது.

"மதில் வந்திட்டுது ராஜி."

"அங்காலை என்ன?"

எட்டிப் பார்த்தேன். "றோட்டு. ஒரு கடை. வெயிலிலை மிளகாய் காயப் போட்டிருக்கினம்."

பிறகு, "இஞ்சை ஆக்கள் சட்டை எடுக்க வந்திட்டினம், வை" என்றாள். வைக்கவில்லை. மெசின் ஓடத் தொடங்குகிற சத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், எங்கிருந்து நடக்கத் தொடங்கினேன் என்பதும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் இப்போது மாடுதான் நின்றது.